மூடிப்போன கடலோர நீச்சல்குளத்தின் நினைவுகளைச் சேகரிப்பது எப்படி

இங்கிலாந்தின் கடலோர ஊர்களில் இப்போது நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். மருத்துவமனை, முதியோர் இல்லம், வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பு வேலை என்று வந்தவர்கள்தான் அதிகம். எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பேச்சு, இடித்துத் தள்ளப்பட்ட ஒரு திறந்தவெளி நீச்சல்குளத்தில் போய் நிற்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் கிணற்றில் குதித்து நீச்சல் பழகிய கதையைச் சொல்வதுபோலவே இவர்கள் அதைச் சொல்கிறார்கள், அதே கையசைப்பு, அதே சிரிப்பு.

நான் இருப்பது வடமேற்கே, மோர்கம் பக்கம். முதியோர் இல்லத்தில் வேலை. இந்த ஊர் இழந்த குளத்தின் பெயர் சூப்பர் ஸ்விம்மிங் ஸ்டேடியம். அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதி வைக்க ஆரம்பித்ததில், இதை எப்படிச் செய்தால் உருப்படியாக வரும், எப்படிச் செய்தால் ஒன்றுமே கிடைக்காது என்று ஓரளவு பிடிபட்டது. நீங்கள் இருக்கும் ஊரிலும் இப்படி ஒரு குளம் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பிளாக்பூலில் இருந்தது, நியூ பிரைட்டனில் இருந்தது, ஸ்கார்பரோ, மார்கேட், பிரைட்டன், டைன்மவுத், ஹேஸ்டிங்ஸை ஒட்டிய செயின்ட் லெனர்ட்ஸ் என்று பட்டியல் நீளம். ஆகவே இது மோர்கம்காரர்களுக்கு மட்டுமான குறிப்பு இல்லை.

முதல் விஷயம், வரிசை. பெரும்பாலானவர்கள் நூலகத்தில் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். குளம் எத்தனை அடி நீளம், யார் கட்டினார்கள், எவ்வளவு செலவு என்பதெல்லாம் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது, பத்து வருடம் கழித்துப் போனாலும் அதே அலமாரியில் இருக்கும். அந்தத் தண்ணீர் எவ்வளவு ஜில்லென்று இருந்தது, உடை மாற்றும் அறையில் என்ன வாசனை அடித்தது, ஒலிபெருக்கியில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது ஆட்களிடம் மட்டும்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மோர்கம் குளம் திறந்தது 1936, மூடியது 1975. திறந்த வருடத்தில் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று இருந்தால் நூறை ஒட்டி. மூடிய வருடத்தில் பத்து வயது என்றால் இப்போது அறுபதை ஒட்டி. அதாவது அந்தக் குளத்தில் இறங்கியதை ஒழுங்காக ஞாபகம் வைத்திருக்கக்கூடிய ஆகக் கடைசித் தலைமுறையே ஓய்வுபெறும் வயதை நெருங்கிவிட்டது. முதலில் ஆட்கள், அப்புறம் காகிதம்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

வெறுங்கையோடு போய் உட்காராதீர்கள். நாலு தகவல் தெரிந்திருந்தால் எதிரே இருப்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும், “அட, இந்தப் பிள்ளைக்கு ஸ்டேடியம் தெரிந்திருக்கிறதே” என்று நிமிர்ந்து உட்காருவார்கள். அதிகமாகத் தெரிந்திருந்தாலும் ஆபத்து, அவர்கள் சொல்ல வருவதை நாமே முடித்துவைப்போம்.

மோர்கம் விஷயத்தில் இவ்வளவு போதும். 1936 ஜூலை 27 அன்று எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்) ரயில்வேயின் தலைவராக இருந்த சர் ஜோசையா ஸ்டாம்ப் திறந்துவைத்தார். வடிவமைத்தவர்கள் கென்னத் கிராஸ், செசில் சட்டன். 396 அடி நீளம், 110 அடி அகலம். ஒரே நேரத்தில் 1,200 பேர் குளிக்கலாம், 3,000 பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஐரோப்பாவிலேயே பெரிய திறந்தவெளிக் குளம் என்று விளம்பரம் செய்தார்கள். 1945-இல் தொடங்கிய அழகிப் போட்டி இங்கேதான் நடந்தது, அதுதான் பின்னால் மிஸ் கிரேட் பிரிட்டன் ஆனது. 1975-இல் கட்டுமானம் பலவீனமாகிவிட்டது என்று மூடினார்கள், அடுத்த வருடமே இடித்துவிட்டார்கள். நாற்பது வருடம்கூட நிற்கவில்லை.

ஏன் கட்டினார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். முப்பதுகளில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. ஊர்களுக்குப் பொதுப்பணி தேவைப்பட்டது, வெயிலும் காற்றும் உடம்புக்கு நல்லது என்ற எண்ணமும் அப்போது உச்சத்தில் இருந்தது. ஊருக்கு ஊர் போட்டி வேறு. பிளாக்பூல் 1923-லேயே ரோமானிய அரங்கம் மாதிரி வளைந்த கட்டடத்தோடு 376 அடி நீளக் குளம் ஒன்றைத் திறந்திருந்தது. நியூ பிரைட்டன் 1934-இல் திறந்தது. செயின்ட் லெனர்ட்ஸில் 1933-இல் திறந்தார்கள், கட்டியவர் அந்த ஊர் நகரசபைப் பொறியாளர் சிட்னி லிட்டில். கான்கிரீட் என்றால் உயிரை விடுவார் என்பதால் கான்கிரீட் ராஜா என்றே பெயர். பின்னால் 1938-இல் சம்பளத்தோடு விடுமுறை என்பதற்குச் சட்டம் வந்தது, தொழிலாளர் குடும்பங்கள் கடற்கரைக்கு வர அதுவும் ஒரு வழி.

ஏன் போனது? அறுபதுகளில் விமானம் ஏறி ஸ்பெயினுக்குப் போய் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கச் சாதாரணக் குடும்பங்களுக்கும் முடிந்தது. கடல் உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்து, துரு ஏறிய கம்பி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்தது. பழுதுபார்க்கும் செலவு வருடாவருடம் ஏறியது. அப்புறம் 1974-இல் உள்ளாட்சிகளை இணைத்தார்கள், மோர்கம் லங்காஸ்டரோடு சேர்ந்தது. தங்கள் குளத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் ஊரைவிட்டே போய்விட்டது என்ற மனத்தாங்கல் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. இணைப்பு நடந்த மறுவருடமே குளம் மூடியது என்பதை யாரும் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

எப்படிக் கேட்பது

இதுதான் வேலையே. “குளம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “அற்புதமாக இருந்தது, ஐஸ் மாதிரி குளிரும்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். அது பல வருடமாகச் சொல்லித் தேய்ந்த பதில். அழகிப் போட்டியும் அப்படித்தான், அதைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் உங்கள் கேள்வியை ஆரம்பிக்க வேண்டும்.

உடம்பை ஒட்டிய சின்னக் கேள்விகளாகக் கேளுங்கள். துணியை எங்கே மாற்றினீர்கள்? கழற்றிய துணியை எதில் வைத்தீர்கள், கம்பிக் கூடையா, கொக்கியா, பூட்டும் அலமாரியா? எண் போட்ட ரப்பர் வளையம் தந்தார்களா, கையில் மாட்டினீர்களா காலிலா? படியில் இறங்குவீர்களா, ஒரேயடியாகக் குதிப்பீர்களா? முதலில் எங்கே குளிரும்? வெளியே வந்ததும் என்ன குடித்தீர்கள், டீயா, போவ்ரில் என்கிற சூடான மாட்டிறைச்சிச் சாறா? அதற்குக் காசு யார் கொடுத்தது? வீட்டில் சொல்லிவிட்டுப் போனீர்களா, சொல்லாமலா? கடைசியாகப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா, அதுதான் கடைசி என்று அன்றைக்குத் தெரியுமா?

எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தா. குளத்தைப் பற்றி நேராகக் கேட்டபோது அவரிடமிருந்து ஒன்றும் பெரிதாக வரவில்லை. ரப்பர் வளையத்தைப் பற்றிக் கேட்டதும் குனிந்து தன் வலது கணுக்காலைத் தடவினார், சாக்ஸுக்கு மேலே, சரியாக அது இருந்த இடத்தில். இறுக்கமாக இருக்கும், மாலையில் வீட்டுக்குப் போனபிறகும் சிவப்பாக ஒரு கோடு தெரியும், அம்மா அதைப் பார்த்தே எங்கே போனான் என்று கண்டுபிடித்துவிடுவாள், அப்பாவிடம் சொல்லமாட்டாள் என்றார். அதற்கு அப்புறம் நிறுத்தாமல் பேசினார். அப்பா ஏன் வேண்டாம் என்றார், அந்தக் கோடைக்காலத்தில் ஊரில் என்ன காய்ச்சல் பரவியது, எந்த நண்பனின் அக்கா டிக்கெட் கவுண்டரில் இருந்ததால் இலவசமாக நுழைய முடிந்தது என்று எல்லாமே அந்தக் கணுக்காலிலிருந்துதான் வந்தது.

பெண்களிடம் நீச்சல் உடையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். கம்பளி நூலில் வீட்டிலேயே பின்னிய உடைகள் ஐம்பதுகள்வரைகூடப் புழக்கத்தில் இருந்தன. நனைந்தால் கல்லாகக் கனக்கும், முழங்கால்வரை தொங்கும். ஒரு பாட்டி இரண்டு கையையும் முறுக்கிப் பிழிவதுபோல் காட்டி, உடையை உடம்பில் வைத்தபடியே எப்படிப் பிழிவோம் என்று நடித்துக் காட்டினார். இதை எந்தப் புகைப்படத்திலும் பார்க்க முடியாது, ஏனென்றால் படம் எடுத்தவன் அழகாக இருக்கும் தருணத்தைத்தான் எடுத்திருப்பான்.

இன்னொரு கேள்வி இந்தப் பகுதிக்கே உரியது: “உங்களுடைய வாரம் எது?” லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும் ஒவ்வொரு மில் நகரமும் கோடையில் ஒரு வாரம் மொத்தமாக ஆலைகளை மூடும், ஊரே கிளம்பிக் கடற்கரைக்கு வரும். ஊருக்கு ஊர் அந்த வாரம் மாறும். பிராட்ஃபோர்டிலிருந்து வந்தவர்கள் அவ்வளவு பேர், மோர்கமையே கடலோர பிராட்ஃபோர்ட் என்பார்கள். ஜூலையில் கிளாஸ்கோக்காரர்கள் வருவார்கள். ஆகவே நீங்கள் பேசுபவர் உள்ளூர்ப் பிள்ளையாகக் குளித்தவரா, விடுமுறைக்கு வந்து குளித்துவிட்டு வயதானபிறகு இங்கே குடிவந்தவரா என்று முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இருவர் ஞாபகமும் வேறு வேறு. விடுமுறைக்காரருக்கு அது வருடத்தின் ஒரு வாரம், வெயில் அடித்ததாகவே ஞாபகம் இருக்கும். உள்ளூர்க்காரருக்குப் பள்ளிக்கூட நீச்சல் வகுப்பு, மே மாதக் காற்று, நடுங்கும் தாடை.

பதிவுசெய்யும்போது

அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஃபோனை எடுக்க வேண்டும். எதற்காகப் பதிவுசெய்கிறோம், யார் கேட்பார்கள், பெயர் போடலாமா வேண்டாமா என்று கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவருடைய பேச்சு அவருக்குச் சொந்தம். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் கூடுதலாக இல்லத்தின் மேலாளரிடமும் கேட்க வேண்டும். நம் வேலை நேரத்தில், நம் பராமரிப்பில் இருப்பவரிடம் நாமே இதைச் செய்வது இங்கே சாதாரண விஷயம் இல்லை. முடிவெடுக்கும் திறன் குறைந்தவர் என்றால் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிவியை அணைக்கச் சொல்லுங்கள். ஃபோனை மேசையில் நேராக வைக்காமல் மடித்த துண்டின்மேல் வையுங்கள், டீக் கோப்பை வைக்கும் சத்தம் பதிவாகாது. அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பிறகுதான் பெரும்பாலும் நல்ல விஷயம் வரும். இதைக் கற்றுக்கொள்வதுதான் கஷ்டம், ஏனென்றால் மௌனம் வந்தால் நிரப்பிவிடுவது நம் பழக்கம்.

மறதி நோய் உள்ளவர்களிடம் வருடம், பெயர், எண் கேட்கவே கேட்காதீர்கள், பரீட்சை வைப்பதுபோல ஆகிவிடும், பயந்துபோவார்கள். பழைய போஸ்ட்கார்டு ஒன்று, ரப்பர் நீச்சல் தொப்பி ஒன்று, குளோரின் வாசனை அடிக்கும் ஈரத்துண்டு, இப்படி எதையாவது கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் பேசட்டும், இல்லாவிட்டால் தொப்பியைத் தடவிக்கொண்டு இருக்கட்டும். அதுவும் நல்ல பிற்பகல்தான். தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள்.

சரி, தப்பை என்ன செய்வது

ஞாபகம் கலங்கும், அது இயல்பு. திருத்துவதை வீட்டுக்கு வந்தபிறகு உங்கள் நோட்டில் செய்துகொள்ளலாம். அதற்குச் சில வழிகள் உண்டு.

காசு நல்ல அடையாளம். 1971 பிப்ரவரி 15-இல் பிரிட்டன் பழைய ஷில்லிங், பென்னிக் கணக்கை விட்டுத் தசமக் காசுக்கு மாறியது. பன்னிரண்டு பக்கம் கொண்ட மூன்று பென்னி நாணயம் அந்த வருடம் ஆகஸ்டோடு செல்லாமல் போனது. நுழைவுக்கு அந்த நாணயத்தை நீட்டிய ஞாபகம் இருக்கிறது என்றால் அதற்கு முந்தைய கதை. சிக்ஸ்பென்ஸ், அதாவது ஆறு பென்னி நாணயம் என்று சொன்னால் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், அது 1980 வரை செல்லுபடியானது.

வெப்பநிலையும் அப்படித்தான். வாசலில் கரும்பலகையில் அன்றைய தண்ணீர்ச் சூட்டை எழுதிவைப்பது அந்தக் காலக் குளங்களில் வழக்கம். “அன்றைக்கு அறுபது இருந்தது, சொர்க்கம்” என்று ஒருவர் சொன்னால் அது ஃபாரன்ஹீட். நம் கணக்கில் பதினைந்தரை டிகிரி செல்சியஸ். நம்மால் கால் வைக்க முடியாது.

அப்புறம் ஒரே இடத்தில் இரண்டு குளம் இருந்திருந்தால் இரண்டும் கலந்துவிடும். மோர்கமில் ஸ்டேடியத்தை இடித்தபிறகு அதே பக்கத்தில் வேறொரு உல்லாசக் குளம் வந்தது, அதுவும் பிறகு மூடப்பட்டது. பிளாக்பூலில் பழைய குளம் 1983-இல் இடிபட்டு அந்த இடத்தில் 1986-இல் சாண்ட்கேஸில் என்ற உள்ளரங்கத் தண்ணீர்ப் பூங்கா வந்தது. அம்மா ஒன்றைச் சொல்வார், மகள் இன்னொன்றைச் சொல்வார், இருவரும் ஒரே குளத்தைப் பற்றிச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். தலைக்கு மேலே கூரை இருந்ததா என்று கேட்டால் தீர்ந்தது.

எதையும் அழிக்காதீர்கள். குதிக்கும் மேடை இருந்ததைவிட இரண்டு மடங்கு உயரம் என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்னதை அப்படியே வைத்து, பக்கத்தில் உண்மை உயரத்தைக் குறியுங்கள். எட்டு வயதில் அது அவ்வளவு உயரமாகத்தான் இருந்தது.

இப்போது காகிதம்

ஆட்களிடம் ஒரு சுற்று முடித்தபிறகு இதற்கு வாருங்கள், ஏனென்றால் எதைத் தேட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இருக்கின்றன. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒன்றில் சுட்டியை நகர்த்தினால் மற்றதிலும் அதே இடம் காட்டும். இலவசம். குளம் எந்தக் கார் நிறுத்துமிடத்தின் அடியில் இருக்கிறது என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

பிரிட்டன் ஃப்ரம் அபவ் என்ற தளத்தில் ஏரோஃபிலிம்ஸ் நிறுவனம் 1919-லிருந்து 1953 வரை விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. கடலோர ஊர்களை அவர்கள் சலிக்காமல் எடுத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கினால் தண்ணீரில் தலைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்தப் படங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு மறுபடி அதே பெரியவர்களிடம் போங்கள். விரல் வைத்து “இங்கேதான் ஐஸ்கிரீம் கடை” என்று காட்டுவார்கள், முதல் முறை சொல்லாததெல்லாம் இரண்டாவது முறை வரும். பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் தன் பழைய செய்திப் படங்களை யூடியூபில் போட்டிருக்கிறது. அதில் ஊர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒன்று கிடைத்தால் டேப்லெட்டில் போட்டுக் காட்டலாம், வேகத்தைக் குறைத்து.

போஸ்ட்கார்டுகள் மலிவு, பழைய சாமான் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். முத்திரையில் இருப்பது அனுப்பிய தேதி, படம் எடுத்த தேதி அதைவிட மிகப் பழையதாக இருக்கலாம். தபால்தலையில் இருக்கும் முகத்தைப் பாருங்கள்: ஆறாம் ஜார்ஜ் என்றால் 1937-க்கும் ஐம்பதுகளின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டது, எலிசபெத் ராணி என்றால் அதற்குப் பின். கார்டின் பின்புறத்தைப் படிக்க மறக்காதீர்கள். “தினமும் மழை, இருந்தாலும் பிள்ளைகள் தண்ணீரைவிட்டு வரமாட்டேன் என்கிறார்கள்” என்பதுபோல நாலு வரி இருக்கும், சமயத்தில் முன்பக்கப் படத்தைவிட அதுதான் பொக்கிஷம்.

நகரசபைக் கூட்டக் குறிப்புகள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும், லங்காஷயருக்கு அது பிரஸ்டனில். முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். படிக்க வறட்சியாக இருக்கும். ஆனால் மூடுவதற்கு முந்தைய சில வருடக் குறிப்புகளை மட்டும் படித்தால் போதும், எந்த மாதம் என்ன காரணம் சொன்னார்கள் என்பது வரிசையாகத் தெரியும். உள்ளூர்ப் பத்திரிகைகளின் பழைய இதழ்களுக்குக் கட்டணத் தளம் இருக்கிறது, பல பொது நூலகங்களில் அதையே இலவசமாகப் பார்க்கலாம்.

இடத்துக்குப் போய்ப் பார்ப்பது

ஒன்றுமே மிச்சமில்லை என்று சொல்வார்கள். நம்பாதீர்கள், போய்ப் பாருங்கள். மோர்கமில் மிட்லண்ட் ஹோட்டல்தான் அளவுகோல். 1933-இல் ஆலிவர் ஹில் கட்டிய வெள்ளைக் கட்டடம், வாசலுக்கு மேலே எரிக் கில் செதுக்கிய இரண்டு கடல்குதிரைகள். பழைய படங்கள் பலவற்றில் குளத்துக்குப் பின்னால் அது தெரியும். படத்தில் ஹோட்டல் எந்தப் பக்கம், எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதே மாதிரி தெரியும்வரை நடந்தால் படம் எடுத்தவர் நின்ற இடம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். அங்கேயே நின்று இன்றைய படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் எடுங்கள், இயற்கையை மையமாக வைத்த ஈடன் ப்ராஜெக்ட் என்ற சுற்றுலா மையத்தின் கட்டடம் வரவிருப்பது அந்தப் பகுதியில்தான்.

கடற்கரை மணலில் இறங்கித் தேடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மோர்கம் விரிகுடாவில் அலை பின்வாங்கினால் மைல்கணக்கில் மணல் தெரியும், புதைமணலும் உண்டு, திரும்பிவரும் தண்ணீர் ஆளைவிட வேகம். 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஒரே இரவில் இங்கே இறந்தார்கள். தேட வேண்டியதெல்லாம் நடைபாதையிலேயே இருக்கிறது.

மற்ற ஊர்களில் வேறு விதமான மிச்சங்கள். ஸ்கார்பரோவின் தென்கரைக் குளத்தை 1915-இல் கட்டினார்கள், கடல் ஏறும்போது அதன் தண்ணீரே நிரப்பும். 1989-இல் மூடி, பிறகு மண் போட்டு நிரப்பி, அந்த இடத்தில் தரையில் நட்சத்திர வரைபடம் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். கடல்பக்கச் சுவரின் வளைவைப் பார்த்தால் குளத்தின் உருவம் இன்னும் புரியும். டைன்மவுத்தில் 1925-இல் திறந்த குளத்தைத் தொண்ணூறுகளில் பாறாங்கல் கொட்டி நிரப்பினார்கள், விளிம்பும் படிகளும் இருக்கின்றன. மார்கேட்டின் கிளிஃப்டன்வில் லிடோ (திறந்தவெளிக் குளத்துக்கு இங்கே அப்படியும் பெயர்) 1978 புயலில் சிதைந்து மணலுக்கடியில் போனது, அதன் பெயர் எழுதிய கோபுரம் மட்டும் மேலே நிற்கிறது. நியூ பிரைட்டன் குளத்தை 1990 பிப்ரவரிப் புயல் உடைத்தது, அதே வருடம் இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே சூப்பர்மார்க்கெட்டும் கடைகளும்.

உங்கள் பெரியவர்களை அழைத்துப்போக முடிந்தால், உயிரோடு இருக்கும் ஒன்றையும் காட்டுங்கள். மார்கேட் பக்கம் இருப்பவர்களுக்கு வால்போல் பே இருக்கிறது, 1937-இல் கட்டிய, கடல் ஏறும்போது நிரம்பும் நான்கு ஏக்கர் குளம், இன்றும் குளிக்கிறார்கள், 2014-இல் பாதுகாக்கப்பட்ட கட்டமைப்பாக அறிவித்தார்கள். தென்மேற்கே என்றால் பிளிமவுத்தின் டின்சைட் லிடோ, 1992-இல் மூடி 2003-இல் மறுபடி திறந்தது. பென்சான்ஸின் ஜூபிலி குளத்தை 2014 புயல் உடைத்தது, 2016-இல் திறந்துவிட்டார்கள், இப்போது அதில் ஒரு பகுதிக்குப் பூமிக்கடியிலிருந்தே வெந்நீர் எடுக்கிறார்கள். எங்களுக்கு விரிகுடாவின் எதிர்க்கரையில் கிரேஞ்ச் ஓவர் சாண்ட்ஸ் லிடோ இருக்கிறது. 1932-இல் திறந்தது, 1993-இல் மூடியது, ஆனால் கட்டடம் இடிபடவில்லை. ஊர் மக்கள் விடாமல் போராடிக்கொண்டிருக்கிறார்கள். மோர்கமிலும் இப்படி நாலு பேர் 1975-இல் இருந்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு, ஆனால் அன்றைக்கு ஊர் முழுக்க விடுதிகள் மூடிக்கொண்டிருந்தன, அவரவர் பிழைப்பே பெரும்பாடு என்று அப்போது இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

சேர்த்ததை என்ன செய்வது

உங்கள் ஃபோனிலேயே விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, ஊர், பிறந்த பத்தாண்டு, உள்ளூரா விடுமுறையா என்ற நாலு விஷயத்தை மட்டும் கோப்பின் பெயரிலேயே எழுதி, வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி வையுங்கள். முழுப் பேச்சையும் எழுத்தாக்க நேரம் இல்லை என்றால் எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று ஒரு பக்கம் எழுதினாலே பின்னால் வருபவருக்குப் பெரிய உதவி. உள்ளூர் நூலகத்தின் வரலாற்றுப் பிரிவிலும் மாவட்டக் காப்பகத்திலும் இதை வாங்கிக்கொள்வார்கள், கையெழுத்து வாங்கிய தாள் இல்லாமல் வாங்கமாட்டார்கள், அதனால்தான் அந்தத் தாளைப் பற்றி முன்னாலேயே சொன்னேன்.

முதல் பிரதி பேசியவருக்கு. சிடி, பென்டிரைவ் எல்லாம் அவர்களுக்கு வேண்டாம், பெரிய எழுத்தில் அச்சடித்து, பழைய படம் ஒன்றை முன்பக்கம் ஒட்டி, ஸ்டேபிள் போட்டுக் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் வரும்போது எடுத்துக் காட்டுவார்கள். அப்படிக் காட்டும்போது மகனோ மகளோ “இதை நீ எங்களிடம் சொன்னதே இல்லையே” என்பார்கள், அடுத்த வாரம் அவர்களே உங்களைத் தேடி வந்து, வீட்டு அலமாரியில் கிடந்த ஆல்பத்தைக் கொண்டுவருவார்கள். அந்த ஆல்பத்தை அன்றைக்கே ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படங்களின் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள், பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் பென்சிலில் இருக்கும்.